ஸ்பானிய ஏவல் வினைகள்: ஒழுங்கு மீறும் எட்டை மனப்பாடம் செய்வதா, புரிந்துகொள்வதா?

மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் மாலை நேர வகுப்பு ஒன்றில் ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். செர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் தெலே தேர்வின் ஏ-2 நிலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கும் நிலையில், ஏவல் வினைப் பாடத்தில் சில ஐயங்கள் எழுந்துள்ளன. விதிப்படி நடக்கும் வினைகளில் எனக்குச் சிக்கல் இல்லை. 'அப்லார்' (பேசுதல்) என்பதற்கு 'ஆப்லா', 'கொமேர்' (உண்ணுதல்) என்பதற்கு 'கோமெ', 'எஸ்கிரிபீர்' (எழுதுதல்) என்பதற்கு 'எஸ்கிரீபெ' என்று, 'அவன் பேசுகிறான், உண்கிறான், எழுதுகிறான்' என்னும் படர்க்கை நிகழ்கால வடிவத்தையே எடுத்து 'நீ பேசு, உண், எழுது' என்ற பொருளில் சொல்லிவிடலாம். 'பெதீர்' (கேட்டுப் பெறுதல்) 'பீதெ' ஆவதும், 'தொர்மீர்' (உறங்குதல்) 'துவேர்மெ' ஆவதும்கூட இதே விதிக்குள் அடங்கிவிடுகின்றன. ஏனெனில் நிகழ்காலத்திலேயே அவற்றின் உயிர் மாறிவிடுகிறது.

இந்த விதிக்கு உட்படாத எட்டு வினைகளில்தான் தடுமாற்றம். 'தெசீர்' (சொல்லுதல்) 'தி' ஆகிறது. 'அசேர்' (செய்தல்) 'அஸ்' ஆகிறது. 'இர்' (போதல்) 'வே' ஆகிறது. 'பொனேர்' (வைத்தல்) 'பொன்'. 'சலீர்' (வெளியேறுதல்) 'சல்'. 'செர்' (ஆக இருத்தல்) 'சே'. 'தெனேர்' (உடைத்தாயிருத்தல்) 'தென்'. 'வெனீர்' (வருதல்) 'வென்'. இவற்றுக்குப் பின்னால் ஏதேனும் காரணம் உண்டா, அல்லது எட்டையும் வாய்ப்பாடுபோல் உருப்போடுவதுதான் வழியா? இரண்டாவதாக, 'நீ' என்னும் 'தூ' வடிவத்தை முதலில் பழக வேண்டுமா, மரியாதைக்குரிய 'உஸ்தேத்' வடிவத்தையா? மூன்றாவதாக, இந்தச் சொற்களின்மேல் அழுத்தக்குறி சில இடங்களில் வருவதும் சில இடங்களில் மறைவதும் எந்தக் கணக்கில் என்று விளங்கவில்லை.

ஒரு குறிப்பு: ஸ்பானிய மொழியில் 'வே' எழுத்தின் ஒலி பகரத்தை ஒட்டியது என்றாலும், எழுத்து வேறுபாடு தெரியட்டும் என்பதற்காக இங்கே வகரத்தால் எழுதியிருக்கிறேன். மற்றவர்களும் அவ்வாறே எழுதினால் இழை முழுவதும் குழப்பமின்றி இருக்கும்.

ஒற்றெழுத்து எழுதியது:

காரணம் உண்டு, நண்பரே. அதைத் தெரிந்துகொண்டால் எட்டில் ஆறு வினைகளை உருப்போடவே தேவையில்லை என்பது என் கருத்து.

லத்தீன் மொழியிலிருந்து ஸ்பானியம் உருவான காலத்தில், 'ன், ல், ர், ஸ்' போன்ற மெய்களுக்குப் பின் சொல்லின் ஈற்றில் நின்ற அழுத்தமற்ற எகரம் உதிர்ந்தது. 'பானெ' என்பது 'பான்' (ரொட்டி) ஆனதும், 'சாலெ' என்பது 'சல்' (உப்பு) ஆனதும் அப்படித்தான். 'வை' என்னும் பொருளில் இருந்த 'போனெ' அதே வழியில் 'பொன்' ஆயிற்று. 'தெனெ' 'தென்' ஆயிற்று. 'வெனெ' 'வென்' ஆயிற்று. 'வெளியேறு' என்னும் ஏவலும் 'உப்பு' என்னும் பெயரும் இன்று ஒரே எழுத்துகளில் 'சல்' என்று நிற்பதற்கும் இதுவே காரணம். பழைய ஸ்பானியத்தில் 'அவன் வைக்கிறான்' போன்ற படர்க்கை வடிவங்களும் இவ்வாறு குறுகி வந்ததுண்டு. பின்னாளில் மற்ற வினைகளைப் பார்த்து அவை ஈற்று உயிரைத் திரும்பப் பெற்றன; ஆனால் நாள்தோறும் வாயில் புழங்கிய ஏவல்கள் குறுகிய வடிவத்திலேயே உறைந்துவிட்டன. இதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. லத்தீனிலேயே 'தீக்' (சொல்), 'ஃபாக்' (செய்), 'தூக்' (நடத்து), 'ஃபெர்' (சும) என்னும் நான்கு ஏவல்கள் ஈற்று உயிர் இல்லாமல்தான் வழங்கின.

இனி, உங்களுக்கு உண்மையில் பயன்படக்கூடிய இடத்துக்கு வருகிறேன். இதே வினைகளின் எதிர்கால வடிவங்களை நினைத்துப் பாருங்கள். 'வைப்பேன்' என்பதற்குப் 'பொனெரே' என்று சொல்லாமல் 'பொந்த்ரே' என்கிறோம். 'தெந்த்ரே', 'வெந்த்ரே', 'சல்த்ரே' ஆகியனவும் அவ்வாறே. 'தெசீர்' 'திரே' ஆகிறது. 'அசேர்' 'அரே' ஆகிறது. எதிர்காலம் என்பது அகராதி வடிவத்தோடு ஒரு துணைவினை ஒட்டி உருவானது. அழுத்தம் துணைவினையின்மேல் சென்றதால் இடையில் நின்ற உயிர் நலிந்து மறைந்தது. னகரமும் லகரமும் ரகரத்தோடு நேராக மோதிய இடங்களில் நடுவே ஒரு தகரம் புகுந்தது. ஆக, ஏவலில் ஈற்று உயிரை இழந்த ஆறு வினைகளும் எதிர்காலத்தில் இடை உயிரை இழந்த வினைகளாகவே இருக்கின்றன. எதிர்காலம் கோணலாக வரும் வினையைப் பார்த்தவுடன் அதன் ஏவலிலும் கோணல் இருக்கும் என்று ஐயுறலாம். 'பொதேர்' (இயலுதல்), 'கெரேர்' (விரும்புதல்), 'சபேர்' (அறிதல்) போன்றவையும் எதிர்காலத்தில் கோணல்தான் என்றாலும், 'நீ இயலு', 'நீ விரும்பு' என்று யாரும் யாருக்கும் ஆணையிடுவது அரிது என்பதால் அவை இந்தப் பட்டியலுக்குள் வந்து தொல்லை தருவதில்லை.

எஞ்சிய 'வே', 'சே' இரண்டும் தனி வழியில் வந்தவை. 'போதல்' என்னும் ஸ்பானிய வினை ஒன்றுக்கு மேற்பட்ட லத்தீன் வினைகளின் கலவை. அதன் ஏவல் 'வாதெ' என்பதிலிருந்து வந்தது. 'செர்' என்பதிலும் 'இரு' என்னும் வினையும் 'அமர்' என்னும் வினையும் கலந்துள்ளன. 'சே' என்பது 'அமர்' என்பதன் வழியில் வந்தது. இந்த இரண்டை மட்டும் உருப்போட்டுக்கொள்ளுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

ஒற்றெழுத்து அவர்களின் விளக்கம் படிப்பதற்குச் சுவையாக இருக்கிறது. ஆனால் பேசும்போது எதிர்காலத்தை நினைத்து, அதிலிருந்து உயிர் உதிர்ந்த கதையை நினைத்து, அதன்பின் 'பொன்' என்று சொல்வதற்குள் எதிரே நிற்பவர் தாமே அந்தப் பொருளை எடுத்து வைத்துவிடுவார். நம் மொழியில் வினையின் அடியே ஏவலாக நிற்கும் என்பது பொது விதி. 'நட', 'எழுது', 'படி' எல்லாம் அவ்வாறுதான். அப்படியிருந்தும் 'வருகிறான்' என்பதற்கு 'வரு' என்று சொல்லாமல் 'வா' என்கிறோம், 'தருகிறான்' என்பதற்குத் 'தா' என்கிறோம். அதற்கு யாரும் நமக்குக் காரணம் சொல்லித் தரவில்லை. நாளும் கேட்டோம், வந்துவிட்டது. மிகுதியாகப் புழங்கும் வினைதான் எந்த மொழியிலும் விதியை மீறும். அதே மிகுதிதான் அதை நாவில் பதியவும் வைக்கும்.

ஆகவே இந்த எட்டையும் தனிச் சொற்களாகப் படிக்காமல், ஸ்பானியர்கள் எந்தத் தொடரில் வழங்குகிறார்களோ அந்தத் தொடராகவே பழகுங்கள் என்பதுதான் நான் சொல்வது. 'தென் குயிதாதோ' என்றால் 'கவனமாக இரு'. 'தென் பசியேன்சியா' என்றால் 'பொறுமையாக இரு'. 'பொன் லா மேசா' என்றால் 'சாப்பாட்டு மேசையில் தட்டுகளை எடுத்து வை'. 'தி லா வெர்தாத்' என்பது 'உண்மையைச் சொல்'. 'அஸ் க்லிக் அகீ' என்பதைக் கணினித் திரையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். 'வென் அகீ' என்பது 'இங்கே வா'. 'சல் தெ அகீ' என்பது 'இங்கிருந்து வெளியே போ'. 'சே புவேனோ' என்பது குழந்தையிடம் 'சமர்த்தாக இரு' என்று சொல்வது.

'வே' குறித்து ஓர் எச்சரிக்கை. 'பார்த்தல்' என்னும் 'வெர்' வினையின் ஏவலும் 'வே' என்பதே. 'வே லா தெலே' என்றால் 'தொலைக்காட்சியைப் பார்'; 'வே அ லா தியேந்தா' என்றால் 'கடைக்குப் போ'. பின்னால் 'அ' என்னும் இடைச்சொல் வருகிறதா என்பதைக் கவனித்தால் பெரும்பாலும் பொருள் தெளிந்துவிடும். 'கிளம்பு, போய்விடு' என்ற பொருளில் 'வேதெ' என்று ஒட்டுச்சொல் சேர்த்துச் சொல்வதால் பேச்சில் மயக்கம் இன்னும் குறைகிறது.

தென்திசை எழுதியது:

கொலம்பியாவில் உள்ள வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் நாள்தோறும் பேசும் பணியில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து இரண்டாவது கேள்விக்கு விடை சொல்கிறேன். முதலில் 'உஸ்தேத்' வடிவத்தைப் பழகுங்கள். தேர்வுத்தாளில் இரண்டும் வரும் என்பது உண்மை. ஆனால் அறிமுகமற்ற ஒருவரிடம் 'வென்', 'தி' என்று சொல்லி அவர் முகம் சுளிப்பதைவிட, நண்பராகிவிட்ட ஒருவரிடம் 'வெங்கா', 'தீகா' என்று சற்றே கூடுதல் மரியாதையோடு பேசுவதால் ஒரு கேடும் வந்துவிடாது. அதிலும் பொகோதா நகரத்தாரும் அதைச் சுற்றியுள்ள மலைநாட்டாரும் வீட்டுக்குள்ளேயே, கணவன் மனைவிக்கிடையிலும் பெற்றோர் பிள்ளைகளுக்கிடையிலும்கூட, 'உஸ்தேத்' என்று பேசிக்கொள்வது வழக்கம். நம் ஊர்ப்பக்கம் சில வீடுகளில் பிள்ளைகளையும் 'வாங்க, போங்க' என்று அழைப்பதைக் கேட்டிருக்கிறோம் அல்லவா, அது நினைவுக்கு வரும்.

அமைப்பும் இதில் எளிது. தன்மை ஒருமை நிகழ்காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; ஈற்று ஓகாரத்தை நீக்குங்கள்; 'ஆர்' வகை வினையானால் எகரமும், 'ஏர்', 'ஈர்' வகையானால் அகரமும் சேருங்கள். 'தீகோ' (சொல்கிறேன்) 'தீகா' ஆகிறது. 'ஆகோ' 'ஆகா' ஆகிறது. 'பொங்கோ' 'பொங்கா', 'சல்கோ' 'சல்கா', 'தெங்கோ' 'தெங்கா', 'வெங்கோ' 'வெங்கா' என்று, 'தூ' வடிவத்தில் உங்களை அலைக்கழித்த ஆறும் இங்கே வரிசையாக வந்து நிற்கின்றன. 'த்ரயேர்' (கொண்டுவருதல்) 'த்ரைகா', 'ஒயீர்' (கேட்டல்) 'ஒய்கா', 'கொனொசேர்' (அறிமுகம் கொள்ளுதல்) 'கொனோஸ்கா' எல்லாம் இதே வழிதான். பலரிடம் சொல்லும்போது ஈற்றில் ஒரு 'ன்' சேர்த்தால் போதும்: 'தீகான்', 'வெங்கான்'. லத்தீன் அமெரிக்கா முழுவதும் பன்மைக்கு இந்த 'உஸ்தேதெஸ்' வடிவம் ஒன்றே. நண்பர் கூட்டத்துக்கும் அதுதான், நாடாளுமன்றத்துக்கும் அதுதான்.

தன்மை நிகழ்காலம் ஓகாரத்தில் முடியாத வினைகள்தாம் இங்கே விலக்கு. 'தோய்' என்று வரும் 'தார்' (கொடுத்தல்) 'தே' ஆகிறது. 'எஸ்தோய்' 'எஸ்தே' ஆகிறது. 'வோய்' 'வாயா' ஆகிறது. 'சோய்' 'சேயா' ஆகிறது. 'சே' என்று வரும் 'சபேர்' 'சேபா' ஆகிறது. துணைவினையான 'அபேர்' 'ஆயா' ஆகும் என்றாலும் அதை ஏவலாகச் சொல்ல வாய்ப்பு வராது.

எழுத்துமாற்றங்களை விதிமீறல் என்று நினைத்து அஞ்ச வேண்டாம். 'புஸ்கார்' (தேடுதல்) 'பூஸ்கெ' ஆகும்போதும், 'பகார்' (பணம் செலுத்துதல்) 'பாகெ' ஆகும்போதும், 'எம்பெசார்' (தொடங்குதல்) 'எம்பியேசெ' ஆகும்போதும் ஒலியைக் காப்பாற்றுவதற்காகவே எழுத்து மாறுகிறது. தமிழ் எழுத்தில் பார்க்கும்போது மாற்றமே தெரியவில்லை என்பதே அதற்குச் சான்று.

வழி சொல்லும் இடத்தில் இதைப் பழகினால் விரைவில் படியும். 'வாயா அஸ்தா லா எஸ்கீனா, தோப்லெ அ லா தெரேச்சா இ சீகா தெரேச்சோ' என்றால் 'தெருமுனை வரை போங்கள், வலப்பக்கம் திரும்புங்கள், அப்படியே நேராகச் செல்லுங்கள்'. இந்த ஒரே தொடரில் முற்றிலும் கோணலான 'வாயா'வும், விதிப்படி வரும் 'தோப்லெ'யும், உயிர் மாறும் 'சீகா'வும் இருக்கின்றன. 'வலப்பக்கம்' என்பதும் 'நேராக' என்பதும் ஈற்றெழுத்து ஒன்றில் மட்டுமே வேறுபடுகின்றன என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வழி தவறுவது பெரும்பாலும் வினையால் அல்ல, அந்த ஈற்றெழுத்தால்தான்.

மாலைவகுப்பு எழுதியது:

மிக்க நன்றி. இன்னொரு தயக்கமும் இருக்கிறது. கடையில் போய் 'வையுங்கள்', 'கொடுங்கள்' என்று நேரடியாக ஏவலில் கேட்பது முரட்டுத்தனமாகத் தோன்றாதா?

வழிப்போக்கன் எழுதியது:

ஸ்பெயினில் தோன்றாது. மத்ரித் நகரத்துச் சிறு மதுக்கடை ஒன்றில் 'பொன்மெ உன் கஃபே' என்றோ, வயதில் மூத்தவர் நின்றால் 'போங்காமெ உன் கஃபே' என்றோ கேட்பது இயல்பான பேச்சு. குரலின் ஏற்ற இறக்கமும், வேண்டுமானால் ஈற்றில் ஒரு 'போர் ஃபவோர்' என்பதும் மரியாதையைச் சுமந்துகொள்ளும். அங்கே அறிமுகமற்றவர்களிடமும் 'தூ' என்று பேசுவது மிகுதி. தொலைபேசியை எடுத்தவுடன் 'தீகாமெ' அல்லது 'தீகா' என்று சொல்வது ஸ்பெயினின் பழைய வழக்கம். அதுவும் 'சொல்லுங்கள்' என்னும் ஏவல்தான். அதை ஆணை என்று யார் கேட்கிறார்கள்?

தென்திசை எழுதியது:

கொலம்பியாவில் அதே காப்பியை 'ரெகாலெமெ உன் தீந்தோ' என்று கேட்பார்கள். 'ரெகலார்' என்பது பரிசாக அளித்தல். 'தீந்தோ' என்பது அங்கே கறுப்புக் காப்பி. இனாமாகக் கேட்கிறார் என்று எவரும் நினைப்பதில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குவார். மெக்சிகோவில் பேச்சு காதில் விழாதபோது 'மாந்தெ' என்பார்கள். 'கட்டளையிடுங்கள்' என்னும் 'உஸ்தேத்' ஏவல் அது. அந்நாட்டுச் சந்தைகளில் கடைக்காரர்கள் 'பாசெலெ, பாசெலெ' என்று கூவி அழைப்பதும் 'உள்ளே வாருங்கள்' என்னும் ஏவல்தான். அதன் ஈற்றில் ஒட்டியிருக்கும் 'லெ' யாரையும் குறிப்பதில்லை, அழைப்புக்கு ஓர் அழுத்தம் தருகிறது, அவ்வளவே. பாடநூல் ஏவலைக் 'கட்டளை' என்று தலைப்பிட்டு நடத்துவதால் வரும் அச்சம் இது. மக்கள் வாயில் அது அழைப்பாகவும் வேண்டுகோளாகவும் வாழ்கிறது.

வெள்ளியாறு எழுதியது:

இவ்வளவு நேரமும் 'தூ'வா, 'உஸ்தேத்'தா என்று விவாதித்தவர்கள் மூன்றாவது ஒருவரை மறந்துவிட்டீர்கள். புவேனொஸ் ஐரெஸ் நகரில் 'தூ' வழக்கில் இல்லை. அர்ஜென்டினாவிலும் உருகுவாயின் பெரும்பகுதியிலும் மத்திய அமெரிக்காவின் பல இடங்களிலும் 'நீ' என்பதற்கு 'வொஸ்' என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் எட்டு வினைப் பட்டியலே தேவையில்லை. அகராதி வடிவத்தின் ஈற்று 'ர்' ஒலியை நீக்கிவிட்டு, அழுத்தத்தைக் கடைசி அசையில் வைத்தால் ஏவல் ஆயிற்று: 'தெசீ', 'அசே', 'பொனே', 'சலீ', 'தெனே', 'வெனீ'. உயிர் மாறும் வினைகளும் இங்கே மாறுவதில்லை. 'துவேர்மெ' என்று சொல்லாமல் 'தொர்மீ' என்றே சொல்வார்கள். 'செர்' மட்டும் 'சே' என்று வரும், அதுவும் விதிப்படியே. உண்மையான விலக்கு 'இர்' ஒன்றுதான்; அதற்கு 'வொஸ்' ஏவல் கிடையாது, அதன் இடத்தில் 'அந்தார்' (நடத்தல்) என்பதன் ஏவலாகிய 'அந்தா' வருகிறது. 'அந்தா அ லா தியேந்தா' என்றால் 'கடைக்குப் போ'.

இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்றால், ஸ்பெயினில் நண்பர் கூட்டத்தை நோக்கிச் சொல்லும் 'வொசோத்ரோஸ்' ஏவல் அகராதி வடிவத்தின் 'ர்' ஒலியைத் 'த்' ஒலியாக்கி 'தெசீத்', 'பொனேத்', 'வெனீத்', 'இத்', 'சேத்' என்று விதிவிலக்கே இல்லாமல் அமைகிறது. அதன் ஈற்றுத் 'த்' உதிர்ந்ததே 'வொஸ்' ஏவல். ஆகவே எந்த நாட்டாரோடு பேசப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேர்வில் 'வொஸ்' வடிவத்தில் விடை எழுதினால் தேர்வாளர் அதை ஏற்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஒரே விடைத்தாளில் மூன்றையும் கலந்து எழுதாதீர்கள்.

ஒற்றெழுத்து எழுதியது:

வெள்ளியாறு சொல்வது சரி. வழிப்போக்கன் அவர்களுக்கும் ஒரு சொல்: வரலாற்றைப் பேசும்போது நினைக்கச் சொல்லவில்லை, மறந்துபோனால் மீட்டெடுக்க ஒரு பிடி வேண்டும் என்றுதான் சொன்னேன். இனி, மூன்றாவது கேள்வியான அழுத்தக்குறிக்கு வருகிறேன்.

ஸ்பானியத்தில் உயிர், 'ன்', 'ஸ்' ஆகியவற்றில் முடியும் சொல்லுக்கு ஈற்றயல் அசையிலும், மற்ற மெய்களில் முடியும் சொல்லுக்குக் கடைசி அசையிலும் அழுத்தம் விழுவது இயல்பு. இயல்பு மீறும் இடத்தில்தான் குறி தேவை. ஏவலோடு 'மெ', 'தெ', 'லோ', 'லெ' முதலிய ஒட்டுச்சொற்கள் சேரும்போது வினையின் அழுத்தம் இருந்த இடத்திலேயே நிற்கும், சொல்லோ நீளும். அதனால் இயல்பான இடம் தள்ளிப்போய், குறி போட வேண்டிய கட்டாயம் வருகிறது.

'தி' என்பதோடு 'மெ' சேர்ந்து 'தீமெ' (எனக்குச் சொல்) என்றாகும்போது இரண்டு அசை, ஈற்றயலில் அழுத்தம், உயிரில் முடிவு. ஆகவே குறி வேண்டாம். 'தீமெலோ' (அதை எனக்குச் சொல்) என்றாகும்போது மூன்று அசை, முதல் அசையில் அழுத்தம், குறி கட்டாயம். 'தீகா' குறியில்லாதது, 'தீகாமெ' குறியுள்ளது. நீங்கள் கேட்ட 'மறைதல்' எதிர்த்திசையில் நடப்பது. 'தென்' ஓரசைச் சொல், அதற்குக் குறி இல்லை. முன்னொட்டுச் சேர்ந்து 'மந்தேன்' (பேணு, நிலைநிறுத்து) ஆனவுடன் அது ஈரசைச் சொல்லாகி, 'ன்' ஒலியில் முடிந்தும் கடைசி அசையில் அழுத்தம் பெறுவதால் குறி வருகிறது. அதனோடு 'லோ' சேர்ந்து 'மந்தேன்லோ' ஆனால், அழுத்தம் ஈற்றயலுக்கு இயல்பாகவே வந்துவிடுவதால் குறி மறைந்துவிடும்.

'தே' (கொடுங்கள்) என்பதற்கும் 'சே' (ஆக இரு) என்பதற்கும் மேலுள்ள குறி வேறு வகை. அதே எழுத்துகளில் 'தெ', 'செ' என்னும் இடைச்சொல்லும் ஒட்டுச்சொல்லும் இருப்பதால் அவற்றிலிருந்து பிரித்துக்காட்டவே ஓரசைச் சொல்லாயினும் குறி இடுகிறார்கள். 'தேமெ' (எனக்குக் கொடுங்கள்) என்று ஒட்டியபின் அந்த மயக்கம் இல்லாததால் குறி தேவையில்லை. முன்பு அதன்மேல் குறியிட்டு எழுதும் வழக்கம் இருந்தது; ஸ்பெயினின் அரச மொழிக்கழகம் 1999-இல் வெளியிட்ட எழுத்திலக்கணம் ஒட்டுச்சொல் சேர்ந்த வினைகளும் பொதுவிதிக்கே உட்பட்டவை என்று வகுத்தது. பழைய நூல்களில் குறியுள்ள 'தேமெ'யையும் 'எஸ்தாதெ'யையும் கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணிவிடாதீர்கள்.

'சல்' என்பதோடு 'லெ' சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அரிதாக எழும் கேள்வியாயினும் இங்கே சொல்லத்தக்கது. 'அவனை எதிர்கொள்ளப் போ' என்ற பொருளில் பேச்சில் 'சல்லெ' என்று சொல்ல முடிகிறது. ஆனால் ஸ்பானிய எழுத்தில் இரண்டு லகரம் அடுத்தடுத்து வந்தால் அது யகரத்தை ஒட்டிய வேறொரு ஒலியாகிவிடும். ஆகவே வாயால் சொல்லக்கூடிய இந்தச் சொல்லை எழுத்தில் காட்ட வழியே இல்லை என்று மொழிக்கழகமே கூறிவிட்டது. எழுத வேண்டிய கட்டாயம் வந்தால் தொடரை மாற்றி எழுத வேண்டியதுதான். 'உஸ்தேத்' வடிவமான 'சால்காலெ'க்கு இந்தத் தொல்லை இல்லை.

மாலைவகுப்பு எழுதியது:

முன்னொட்டுச் சேர்ந்த எல்லா வினைகளும் தாய் வினையின் வழியிலேயே நடக்குமா? மேலும், 'வொசோத்ரோஸ்' ஏவலில் விலக்கே இல்லை என்றது ஒட்டுச்சொல் சேரும்போதும் பொருந்துமா?

வழிப்போக்கன் எழுதியது:

பெரும்பாலும் நடக்கும். 'தெதெனேர்' (நிறுத்துதல்) 'தெதேன்', 'ப்ரொபொனேர்' (முன்மொழிதல்) 'ப்ரொபோன்', 'தெசாசேர்' (கலைத்தல்) 'தெசாஸ்'. முரண்டு பிடிப்பவை 'தெசீர்' குடும்பத்தார்தான். 'பெந்தெசீர்' (வாழ்த்தி அருளுதல்) 'பெந்தீசெ' என்றும், 'மல்தெசீர்' (சபித்தல்) 'மல்தீசெ' என்றும், 'ப்ரெதெசீர்' (முன்கூட்டிச் சொல்லுதல்) 'ப்ரெதீசெ' என்றும் விதிப்படியே வருகின்றன. 'தி' என்று குறுகுவதில்லை. 'சதிஸ்ஃபசேர்' (நிறைவு செய்தல்) 'அசேர்' வழியில் 'சதிஸ்ஃபாஸ்' என்றும் வரலாம், 'சதிஸ்ஃபாசெ' என்றும் வரலாம், இரண்டும் சரி.

'வொசோத்ரோஸ்' ஏவலோடு 'ஒஸ்' ஒட்டும்போது ஈற்றுத் 'த்' விழுந்துவிடும்: 'சென்தாத்' என்பதோடு 'ஒஸ்' சேர்ந்து 'சென்தாஒஸ்' (அமருங்கள்) ஆகும். 'இர்' மட்டும் தகரத்தைக் காத்து 'இதோஸ்' என்று வரும் என்பதே நூல்வழக்கு. ஆனால் ஸ்பெயினில் அவ்வாறு சொல்பவர் மிகக் குறைவு. எங்கும் 'இரோஸ்' என்பதே கேட்கும். மொழிக்கழகம் 2017-இல் 'இரோஸ்' என்பதையும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சலுகை அந்த ஒரு வினைக்கு மட்டுமே. 'சென்தாரோஸ்', 'கயாரோஸ்' (வாயை மூடுங்கள்) என்பவற்றைத் தெருவில் எத்தனை முறை கேட்டாலும் தேர்வுத்தாளில் எழுதாதீர்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

அனைத்தையும் வைத்து ஒரு தொடரை ஐந்து வடிவங்களில் எழுதிப் பார்த்தேன், சரிபார்த்துச் சொல்லுங்கள். தொடர்: 'அதை மேசைமேல் வைத்துவிட்டு எனக்குச் சொல்.'

'தூ': 'பொன்லோ என் லா மேசா இ தீமெ.'
'வொஸ்': 'பொனேலோ என் லா மேசா இ தெசீமெ.'
'உஸ்தேத்': 'போங்காலோ என் லா மேசா இ தீகாமெ.'
'வொசோத்ரோஸ்': 'பொனேத்லோ என் லா மேசா இ தெசீத்மெ.'
'உஸ்தேதெஸ்': 'போங்கான்லோ என் லா மேசா இ தீகான்மெ.'

ஒற்றெழுத்து எழுதியது:

ஐந்தும் சரி. எழுதும்போது 'உஸ்தேத்', 'உஸ்தேதெஸ்' வரிகளில் உள்ள நான்கு வினைகளுக்கும் முதல் அசையில் குறி இடுங்கள். மற்ற மூன்று வரிகளில் எங்கும் குறி வராது. 'பொனே', 'தெசீ' தனியாக நிற்கும்போது பெற்றிருந்த குறியும் ஒட்டுச்சொல் சேர்ந்தவுடன் விழுந்துவிடும். அடுத்த பயிற்சியாக 'எனக்குச் சொல்' என்பதை 'அவளிடம் அதைச் சொல்' என்று மாற்றிப் பாருங்கள். 'லெ', 'லோ' இரண்டும் அடுத்தடுத்து வரும்போது முன்னது 'செ' ஆகிவிடும் என்பதை மறக்காமல் 'தீசெலோ', 'தெசீசெலோ', 'தீகாசெலோ' என்று தொடருங்கள். எதிர்மறை ஏவலில் ஒட்டுச்சொற்கள் வினைக்கு முன்னே தாவிவிடும், 'தூ' வடிவமும் வேறாகிவிடும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசுவோம்.